இருமல் இல்லாத பாட்டு

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி நின்றபோது நல்ல வெயில். இருந்தும் அந்த வீட்டின் ஜன்னல்கள் ஒன்று விடாமல் சாத்தியிருந்தன. டிரம்ஸை ஒவ்வொன்றாக இறக்கி நடைபாதையில் வைத்துக்கொண்டிருந்தான் இடி. மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வந்தார். வந்தவர் கை கொடுக்கவில்லை. ஒரு ஈரத் துணியை எடுத்து ஸ்டாண்டுகளின் கால்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தரை அழுக்காயிடும் மச்சான். தப்பா நினைக்காதீங்க."

இடி எதுவும் நினைக்கவில்லை. நினைக்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக நினைத்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

இடி என்பது பட்டப்பெயர். கல்யாண மேடைகளிலும் ஹோட்டல் மாடிகளிலும் டிரம்ஸ் வாசிப்பது அவன் பிழைப்பு. அவன் குச்சியைக் கையில் எடுத்தால் முன்வரிசைக்காரர்கள் நைசாகப் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். அவனுக்கு அதில் பெருமைதான். "அண்ணா, நீ வாசிச்சா பாடறவ வாயசைச்சா போதும், மிச்சத்தை நீ பாத்துக்குவ" என்று கிண்டல் செய்ய ஒரு தங்கை இருந்தாள். நல்ல பாட்டுக்காரி. இந்த மாப்பிள்ளைக்கு வாக்கப்பட்டவள். நெஞ்சில் சளி கட்டி, அது முற்றி, போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு இன்றுதான் இந்த வீட்டுப் படியை மிதிக்கிறான்.

அதுவும் அம்மாவுக்காக. அம்மாவுக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம், மகளுடைய குரல் மட்டும் வேண்டும். கடைசி மாதங்களில் அவள் வீட்டிலேயே ஒரு பாட்டுப் பதிவு செய்தாள் என்று காதில் விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு அதே பேச்சு. சாப்பிட உட்கார்ந்தால் கேட்பாள், படுக்கும்போது கேட்பாள். "அந்தப் பாட்டு எப்படா வரும்?"

மாப்பிள்ளையிடம் கேட்டுப் பார்த்தான். கெஞ்சியும் பார்த்தான். "இன்னும் முடியல மச்சான். டிரம்ஸ் இல்லாம அரைகுறையா இருக்கு. அரைகுறையை நான் வெளிய விடமாட்டேன்" என்று நாள் கடத்தியவர், போன வாரம் அவராகவே கூப்பிட்டார். "நீங்களே வந்து வாசிங்க. வாசிச்ச அன்னைக்கே வேற கேசட்டுல பாட்டைக் காப்பி எடுத்துக் கையில தர்றேன்."

மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பத்திரிகையிலேயே பிழை கண்டுபிடித்து மறுபடியும் அச்சடிக்க வைத்தவர். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இடிதான் அதிகமாகச் சிரித்தான்.

பின்னறைக்குள் நுழைந்ததும் அவனுக்கு மூச்சு முட்டியது. சுவர் முழுக்கக் கம்பளி தொங்கியது. ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலை ஒரு மெத்தையால் அடைத்திருந்தார். அந்த மெத்தையிலிருந்து தைல வாசனை வந்தது. அதன் நடுவில் ஓர் ஆள் படுத்த பள்ளம் இன்னும் மேலெழும்பவில்லை.

"அவளோட மெத்தையா?"

"நல்லா சத்தத்தைக் குடிக்கும் மச்சான். கடையில வாங்கினா இவ்வளவு கனத்துல கிடைக்காது."

இடிக்கு வாயெல்லாம் வேப்பங்காயாய்க் கசந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டிரம்ஸைப் பூட்ட ஆரம்பித்தான்.

கதவோரம் மேசைமேல் அந்த மெஷின் இருந்தது. பார்த்தால் சாதாரண கேசட்தான் போட்டிருக்கிறது. ஆனால் அது ஒரே நாடாவில் நான்கு தடங்களாகப் பதியும். ஒன்றைப் பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பதியலாம். முதல் தடத்தில் மாப்பிள்ளையின் கிட்டார், இரண்டாவதில் அவள் குரல், மூன்றும் நான்கும் காலி. வீட்டு டேப் ரெக்கார்டரில் இந்த கேசட்டைப் போட்டால் பாதி வேகத்தில் இழுத்து, பேய்க்குரலில் முனகும். அதனால்தான் கேசட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட முடியாது. நான்கையும் கலந்து, வேறொரு கேசட்டில் மாப்பிள்ளைதான் இறக்கித் தர வேண்டும். அவர் கையில்தான் குடுமி.

"டிரம்ஸ் ஒரு தடம் போதுமே" என்றான் இடி.

"ஸ்டீரியோவுலதான் எடுக்கணும். அவ குரல் நடுவுல. டிரம்ஸ் அவளுக்கு ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கணும்."

இரண்டு மைக்குகளை டிரம்ஸுக்கு மேலே தொங்கவிட்டார். இடது மைக் ஜன்னல் பக்கம், வலது மைக் கதவுப் பக்கம். ஒரு சணல் கயிற்றின் நுனியை நடு டிரம்மில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு மைக்கும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று அளந்தார். மயிரிழை பிசகினாலும் நடு டிரம்மின் ஓசை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அளந்து முடித்ததும் இடியின் தலைக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்.

"பாட்டு உங்களுக்குக் கேக்கும். கேட்டுக்கிட்டே வாசிங்க."

நாடா ஓடியது. கிட்டார் வந்தது. பிறகு அவள் வந்தாள்.

இடி அழுதுவிட்டான். குச்சி கையில் இருந்தது, வாசிக்க வேண்டிய இடம் கடந்து போய்க்கொண்டிருந்தது, அவன் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தான். இந்தக் குரலை அம்மா கேட்டுவிட்டால் போதும், மாப்பிள்ளை காலில் விழச் சொன்னாலும் விழலாம் என்று தோன்றியது. மாப்பிள்ளை நாடாவைச் சுற்றிவிட்டு, "சரி, மறுபடியும்" என்றார்.

இந்தத் தடவை ஒழுங்காக வாசித்தான். தங்கையின் கிண்டல் நினைவுக்கு வர, கையை அடக்கி, அவள் மூச்சு வாங்கும் இடங்களில் இடைவெளி விட்டு வாசித்தான். அவன் ஆயுளில் அவ்வளவு மெதுவாக வாசித்ததில்லை.

போட்டுக் கேட்டார்கள். டிரம்ஸை மட்டும். மாப்பிள்ளை ஹெட்ஃபோனை எப்போதும் வலது காதில் மட்டுமே வைத்துக்கொள்வார். இன்னொரு காது வெளியில் எதையாவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் அவருக்கு. இடி வேறொரு ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் வைத்துக் கேட்டான். இரண்டாம் சரணத்தில், அவன் விட்ட ஓர் இடைவெளியில், யாரோ இருமினார்கள்.

"மாப்பிள்ளை, இருமிட்டீங்களா?"

"நான் ஏன் இருமறேன்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"கேளுங்க. இடது பக்கம்."

மாப்பிள்ளை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாடாவைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை கேட்டார்.

"தெருவுல யாராவது போயிருப்பாங்க."

இடது மைக் ஜன்னல் பக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் ஜன்னலுக்கும் மைக்குக்கும் நடுவில் அந்தக் கனமான மெத்தை நின்றது. இதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

"மறுபடியும் எடுக்கலாம். நான் மெஷினைப் போட்டுட்டு வெளிய போயிடறேன். என் மூச்சுகூட விழ வேண்டாம்."

பொத்தானை அமுக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அறையில் இடி மட்டும். வாசிக்கும்போது அவன் எதையும் கேட்கவில்லை. காதுக்குள் தங்கை பாடினாள். தைல வாசனை மட்டும் முன்பைவிடத் தூக்கலாக இருந்தது. கம்பளிகளின் வெக்கையில் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டான். பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளை வந்து நாடாவைச் சுற்றினார்.

அதே சரணம். அதே இடைவெளி.

இருமல்.

இந்தத் தடவை அது இடது ஓரத்தில் இல்லை. நடுவை நோக்கி நகர்ந்திருந்தது.

கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல். வறண்ட, அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும் இருமல். ஊரில் ஆயிரம் பேர் இருமலாம். இதை இடி எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லுவான்.

"மாப்பிள்ளை. இது அவ."

மாப்பிள்ளை விரலை மேசையில் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார். பிழை பிடிக்கும்போது அவர் முகம் எப்படிக் கூர்மையாகுமோ அப்படி இருந்தது.

"எல்லாம் அதே இடம்" என்றார் கடைசியில்.

"எந்த இடம்?"

"நான் அழிச்ச இடம்."

பிறகு நிதானமாக விளக்கினார். பாடும்போது அவளுக்கு இருமல் வரும். வந்தால் நாடாவைப் பின்னால் சுற்றி, அவளை முன் வரியிலிருந்து பாடச் சொல்லி, இருமிய இடம் வந்ததும் சரியாக அந்த நொடியில் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். புதுக் குரல் பழைய இருமல் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சொல் முடிந்ததும் பொத்தானை விட்டுவிட வேண்டும். ஒட்டுப் போட்டது யாருக்கும் தெரியாது. அதிலும் இருமிவிட்டால் மறுபடியும் சுற்ற வேண்டும்.

"ஒரு இருமல்கூட மிச்சம் வெக்கல மச்சான். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்தேன்" என்றார். குரலில் பெருமை இருந்தது.

"இருமறவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்களா, திரும்பத் திரும்பப் பாட வெப்பாங்களா?"

"பாட்டு முடியட்டும், போகலாம்னுதான் இருந்தோம். அவளுக்கும் ஆசை இருந்துச்சு."

"முதல் நாள் ஆசை இருந்திருக்கும். அப்புறமும் இருந்துச்சா? கேட்டீங்களா?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை இப்ப பேசி என்ன ஆகப்போகுது? அந்த இடைவெளியை நீங்க விட்டதாலதான் கேக்குது. இன்னொரு தடவை வாசிங்க. இடைவெளி விடாதீங்க."

மனுஷனா இவன் என்று இருந்தது இடிக்கு. மாப்பிள்ளைக்குப் பயமே இல்லை. செத்தவள் இருமுகிறாள் என்பதல்ல அவர் கவலை. பாட்டு அழுக்காகிறது என்பதுதான். சட்டையைப் பிடித்து நாலு அறை அறையலாம். அறைந்தால் காப்பி கிடைக்காது. அம்மா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பாள். அவன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தான்.

மூன்றாவது தடவை. இப்போது கேட்டபோது இருமல் நட்டநடுவில் இருந்தது.

நடு என்றால், கயிறு போட்டு அளந்த நடு. நடு டிரம்மும் அதற்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலும் இருக்கும் இடம்.

இருமலுக்குப் பின்னால் ஒரு சொல்லும் கேட்டது. சன்னமாக, காற்றில்லாத நெஞ்சிலிருந்து.

"போதுங்க."

மாப்பிள்ளையின் கை பொத்தான்மேல் அப்படியே நின்றது. அவர் நெற்றி வியர்த்ததை அப்போதுதான் இடி பார்த்தான்.

"இதையும் அழிச்சிருக்கீங்க. இல்ல?"

"ஒவ்வொரு இருமலுக்கு அப்புறமும் சொல்லுவா" என்றார் மாப்பிள்ளை. "நான் என்ன பண்ண? அதுவும் பாட்டுல இல்லாத வார்த்தை."

இடி எழுந்துவிட்டான். "நான் கிளம்பறேன். இருக்கறதைக் கலந்து கொடுங்க. டிரம்ஸ் வேண்டாம். அவ குரல் மட்டும் போதும்."

"அரைகுறையை நான் வெளிய விடமாட்டேன்னு சொன்னேன்ல?"

"அவ என் தங்கச்சி!"

"பாட்டு என்னது." மாப்பிள்ளை பிடியைத் தளர்த்தவில்லை. "காப்பி வேணுமா, வேண்டாமா? வேணும்னா ஒரே ஒரு தடவை. உங்களுக்குப் பேரே இடி. அப்படி வாசிங்க. ஒரு எறும்பு நுழையற இடம்கூட விடாதீங்க. என்ன சத்தம் வந்தாலும் அதுக்கு மேல நீங்க ஏறிடணும்."

இடி நின்றான். கதவு நாலடியில் இருந்தது. அம்மாவை நினைத்தான். இந்தக் கிராதகனிடம் இன்னொரு தடவை வந்து நிற்கத் தன்னால் முடியாது என்பதையும் நினைத்தான். இன்றோடு முடிந்துவிடட்டும்.

உட்கார்ந்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

முதல் வரியிலிருந்தே இடி சிம்பலைப் பிளந்தான். அறையே தகரக் கொட்டகையாக அதிர்ந்தது. கம்பளிகள் ஆடின. காதுக்குள் அவள் முதல் சரணத்தை முடித்து இரண்டாவதற்கு வந்தாள்.

தைல வாசனை மூக்கை எரித்தது.

அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்தார்கள். ஸ்டூல் லேசாக அழுந்தியது.

அவன் திரும்பவில்லை. அடித்தான்.

கழுத்தில் ஒரு மூச்சு பட்டது. பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கும் மூச்சு.

அடித்தான்.

காதில் கிட்டார் போய்க்கொண்டிருந்தது. பாட்டு நின்றுவிட்டது. பாட வேண்டிய வரியில் அவள் பாடவில்லை. ஹெட்ஃபோனுக்குள் அல்ல, ஹெட்ஃபோனுக்கு வெளியே, காது மடலுக்குப் பக்கத்தில் அவள் இருமினாள். இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"போதும் அண்ணா."

அண்ணா என்று.

அவன் கை ஒரு நொடி மேலேயே நின்றது. இப்போது நிறுத்தினால் இது பதிந்துவிடும். பதிந்தால் இன்னொரு தடவை. இந்தக் கணக்கைத்தான் அந்த ஒரு நொடியில் அவன் மனசு போட்டது. குச்சியை இறக்கினான். அவள் சொன்னதற்கு மேலே, அவள் மூச்சுக்கு மேலே, தோள் கழன்றுவிடும்போல் அடித்தான். கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். கடைசிச் சிம்பல் அடங்கியபோது ஸ்டூல் பழையபடி லேசாகிவிட்டிருந்தது.

மாப்பிள்ளை உள்ளே வந்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை கேட்டார். அவள் குரலையும் கேட்டார். எந்த வரியும் விட்டுப்போகவில்லை.

"சுத்தம்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "பாத்தீங்களா மச்சான், ஒரு பிசிறு இல்ல."

பாட்டு வேறு கேசட்டில் இறங்கி முடியும்வரை இடி வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். கேசட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். டிரம்ஸை வண்டியில் ஏற்றும்போது தன் கைகளையே அவனுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை வழியனுப்ப வரவில்லை. பின்னறையில் நாடா சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சட்டைப்பையைத்தான் பார்த்தாள். டேப் ரெக்கார்டரின் இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றி இரு பக்கமும் வைக்கச் சொல்லி, நடுவில் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அடேயப்பா, என்ன இப்படி இடிக்கிற?" என்றாள் டிரம்ஸ் தொடங்கியதும். குரல் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் தாரை தாரையாய் வழிய, மகளோடு சேர்ந்து தலையை ஆட்டினாள். இரண்டாம் சரணம் வந்தபோது இடி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. அவன் அடித்த அடி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

பாட்டு முடிந்தது. அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பொத்தானை அமுக்கி நாடாவை நிறுத்தினான். போதாதென்று பிளக்கையும் பிடுங்கினான்.

"ஏண்டா நிறுத்தின?"

"முடிஞ்சுபோச்சும்மா."

"அவ முடிக்கலையே" என்றாள் அம்மா. அவள் இடது பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். "பாட்டுக்கு நடுவுலயும் ஏதோ சொல்லிட்டே இருந்தா. நீ இடிச்ச இடியில எனக்கு ஒண்ணும் விளங்கல. இப்பதான் நல்லா கேக்குது."

"அம்மா, டேப் ஓடல."

அம்மா அவனைப் பொருட்படுத்தவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். அந்தக் காலி இடத்தைப் பார்த்து, குழந்தையிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"இவ்வளவு முடியாதபோதும் உன்னைப் பாடு பாடுன்னு யாருடி படுத்தினது?"

பதில் வரும்வரை காத்திருந்தாள். உதடுகள் அசைந்தன, கேட்டதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தாள். அந்த முகத்தில் கண்ணீர் காய்ந்துபோயிருந்தது.

"உன்னையும் சொல்றாளேடா."